அக்காவுக்கு ஒரு முறை

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னது முழுக்க முழுக்க என் சோம்பேறித்தனம். அன்று எனக்குத் தலைவலி. பிள்ளைகள் எழுதும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்காகவே ஆசிரியர்கள் கைவசம் வைத்திருக்கும் தலைப்பு அது. குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில், மிஷன் காலத்திலிருந்து நடந்துவரும் சின்னப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பில் பதினேழு பேர். அதில் ஒருத்தி என் இளைய மகள்.

சாயங்காலம் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். பாதிப் பேர் பெரிய கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வந்திருந்தார்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதி, அவனுடைய சித்தப்பாவையும் சேர்த்துத் தன் குடும்பத்துக்குள் கொண்டுவந்திருந்தான். சிரித்துக்கொண்டே அடுத்த நோட்டை எடுத்தேன். என் மகளுடையது. நாலே வரி.

"எங்கள் வீட்டில் சுற்றுலா முறை வைத்து நடக்கும். ஒரு முறை அப்பா என்னைக் கூட்டிப் போவார். அடுத்த முறை அம்மா கூட்டிப் போவார். அக்காவுக்கு இன்னும் முறை வரவில்லை."

முறை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் வருடத்தில் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. இந்த வாய்க்காலுக்கு ஆறு நாள், அதை அடைத்துவிட்டு அடுத்த வாய்க்காலுக்கு ஆறு நாள் என்று முறை வைப்பார்கள். முறை வந்தவர் பாய்ச்சிக்கொள்ளலாம். வராதவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். என் கணவர் பொதுப்பணித் துறையில் லஸ்கர். மதகில் இருக்கும் இரும்புக் கதவை, அதாவது ஷட்டரை, ஏற்றுவதும் இறக்குவதும் அவருடைய வேலை. அதனால் இந்தச் சொல் எங்கள் வீட்டில் தினமும் புழங்கும். பிள்ளை அதைத்தான் எழுதியிருந்தாள். குறை சொல்லி எழுதவில்லை. மழை பெய்தது, பஸ் வந்தது என்பதைப் போல நடப்பதை அப்படியே எழுதியிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் வரியில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். கடைசி வரிக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன். மார்க்கும் போடவில்லை.

என் மூத்த மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பேச்சென்று எண்ணினால் பத்துப் பன்னிரண்டு சொல் இருக்கும். அவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தாயத்துக் கட்டச் சொன்னவர்கள் உண்டு. உபவாச ஜெபம் வைக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை பேசவில்லை என்று என் நாத்தனார் ஒருத்தி கண்டுபிடித்தாள். அந்த வீட்டில் நான் அப்புறம் மூன்று வருடம் காபி குடிக்கவில்லை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாதான் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். வெளியே நீண்ட வரிசை நின்றது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் என்னை உட்காரவைத்துப் பேசினார். நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் அவளுக்குப் பல மடங்காகக் கேட்கும், திடீரென்று எதையும் செய்யாதீர்கள், எங்கே போனாலும் முன்னாலேயே சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள் என்றார். யாருடைய குற்றமும் இல்லை என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் அவரை ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் நால்வராக வெளியே போவதை நிறுத்தியதற்கு ஒரு நாள் காரணமாக இருந்தது. மூத்தவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு கோயில் திருவிழாவுக்குப் போனோம். பாண்டு வாத்தியம் பக்கத்தில் வந்து முழங்கியதும் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். இரண்டு மணி நேரம் தேடினோம். ஊருக்கு வெளியே ஒரு மதகுக் கட்டையில், தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புல் அறுக்க வந்த ஒரு அம்மா, தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு, அவளைத் தொடாமல், ஒரு கேள்வியும் கேட்காமல் காவல் இருந்தார். "யாராச்சும் தேடி வருவாங்கன்னு தெரியும், அதான் போவல" என்றார். மாட்டுக்குத் தீனி வைக்க நேரமாகியிருக்கும் அவருக்கு. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் இளையவளை ஒருவர் வெளியே அழைத்துப்போவதும், மூத்தவளோடு மற்றவர் வீட்டில் இருப்பதும் என்று ஆகிவிட்டது. முறை வைத்துத்தான். பிள்ளை சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

நோட்டை என் கணவரிடம் காட்டினேன். படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சைக்கிளைத் துடைக்கப் போனார். துடைத்து முடித்துவிட்டு வந்து சொன்னார்:

"நாலு பேருக்கும் சேத்து ஒரு முறை வச்சிருவோம், டீச்சர்."

என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது. எங்கே போகலாம் என்று இளையவளைக் கேட்டோம். கடல் என்றாள். தரங்கம்பாடி என்று முடிவாயிற்று. கடற்கரைக்குச் சீட்டு வாங்க வேண்டாம், சாப்பாடு கையில் கொண்டுபோகலாம், பஸ் செலவு மட்டும்தான். அடுத்த ஜூனில் இளையவள் விடுதிப் பள்ளிக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு பேரும் ஒன்றாகக் காலையில் கிளம்பி, கடலைப் பார்த்து, யாரும் அழாமல் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. உலகத்தில் மற்ற குடும்பங்கள் யோசிக்காமலே செய்துவிடுகிற காரியம்.

நான் பாடத்திட்டம் எழுதுகிறவள். ஒன்றரைப் பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். கடலுக்கு முன்னால் பக்கத்தில் ஓரிடத்துக்குப் போய் ஒத்திகை பார்ப்பது என்று முதல் வரி. எங்கள் தலைமையாசிரியை திருவிடைமருதூர்க் கோயிலைச் சொன்னார். நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள், சாமி கும்பிடப் போகவில்லை. ஆனால் அந்தப் பிராகாரம் எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம், என்ன நிழல். மூத்தவளுக்குச் சுவரைத் தடவிக்கொண்டே நடக்கப் பிடிக்கும். அங்கே நாளெல்லாம் தடவினாலும் சுவர் தீராது. ஞாயிறு வேண்டாம், வெள்ளி வேண்டாம், திருவிழா இல்லை என்றெல்லாம் விசாரித்து ஒரு சாதாரண வேலைநாளைப் பிடித்தேன். பாதி நாள் லீவு போட்டு, நாலு மணிக்கு நடை திறக்கும்போது போய் இறங்கினோம்.

வாசலில் பூ விற்ற அம்மா பிரதோஷத்துக்கா வந்தீர்கள் என்று கேட்டார். "இல்லம்மா, கூட்டம் இல்லாத நாளாப் பாத்து வந்துருக்கோம்" என்றேன், பெருமையாக. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேதாகமத்தில் எந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் பிரதோஷம் வரும், அன்று மாலை சிவன் கோயிலில் கால் வைக்க இடமிருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. சுற்றியிருந்த ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போயிற்று. மூத்தவள் சுவரோரமாக நடந்தாள், நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்தோம். இளையவள் என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். நான் மனதுக்குள் எனக்கே மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். மேளம், மணி, நந்திக்குப் பக்கம் போக முண்டியடிப்பு. மூத்தவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஷட்டர், ஷட்டர்" என்றாள்.

ஷட்டர் அவளுடைய பத்துச் சொல்லில் ஒன்று. விடியற்காலையில் அப்பாவோடு மதகுக்குப் போவாள். தண்ணீர் விழும் சத்தம் அவளுக்குப் பிடிக்கும், அது மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிவிடும் என்று நினைக்கிறேன். அதனால் மதகைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று குனிந்து அவள் காதருகே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தலையைத் தூணில் இடிக்க ஆரம்பித்தாள். என் கணவர் அவளை அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும். வாசலில் அதே பூக்காரம்மா தட்டியைத் தூக்கி, கடைக்குப் பின்னால் இருந்த சின்ன இடத்தைக் காட்டினார். ஈரச்சாக்குக்கு அடியில் பூ வைத்திருக்கும் குளிர்ந்த இடம். பிள்ளை அடங்குகிற வரைக்கும் அங்கே இருந்தோம். பிரதோஷ வியாபாரத்தின் நடுவே அவர் ஒரு தரம்கூட எங்களை நகரச் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதேன். இளையவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். என் கணவர்தான் மெல்லச் சொன்னார், அவள் மதகைப் பார்க்கக் கேட்கவில்லை என்று. மதகில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவளை அங்கிருந்து கிளப்ப முடியாதாம். ஷட்டரை இறக்குவாராம், சத்தம் குறைந்து நின்றுபோகும், "ஷட்டர் எறக்கியாச்சு" என்பாராம், அவள் எழுந்து வந்துவிடுவாளாம். ஏழெட்டு வருடமாக அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு.

"மேளத்துக்கு ஷட்டர எறக்கச் சொல்லிருக்கா. நம்மகிட்டதான் கேட்டா" என்றார்.

என் பிள்ளை எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள், போதும், நிறுத்துங்கள் என்று. நான் பதிலுக்கு நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது. இன்னொரு பக்கம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் கேட்கிறாள். அவளுக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது.

அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம். அவள் ஷட்டர் என்று சொன்னால் எங்கே இருந்தாலும், எது பாதியில் இருந்தாலும், மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட வேண்டும். இளையவளிடமும் சொன்னோம், தலையாட்டினாள். என் பாடத்திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் கணவர் மதகு நோட்டில் எழுதுவதுபோல ஒரு தாளில் வரிசையாக எழுதினார்: பஸ், இட்லி, பஸ், கடல், தயிர்சாதம், கடல், பஸ், வீடு. தினமும் காலையில் அதை அவளுக்குப் படித்துக் காட்டுவார். லஸ்கர் வேலைக்கு விடிகாலையில் கட்டிக்கொண்டு போகும் அவருடைய கம்பளி மப்ளர் அவளுக்குக் காதடைப்பு ஆயிற்று. வெயிலில் மப்ளர் கட்டிய பிள்ளையைப் பார்த்துக் காய்ச்சலா என்று கேட்காதவர்கள் கிடையாது. நான் பதில் சொல்லி அலுத்துப்போய், ஆமாம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

சாமி படமும் பஞ்சாங்கமும் போட்ட ஒரு மாதக் காலண்டரும் வாங்கி மாட்டினேன். அடுத்த முறை வந்தபோது எங்கள் போதகர் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிரதோஷம், கிருத்திகை, அமாவாசை எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழித்தேன். முகூர்த்த நாளைச் சுழித்தேன், அன்று பஸ்ஸில் ஏற முடியாது. சந்தை நாளைச் சுழித்தேன். போதகருக்கு விளக்கம் சொன்னதும் சிரித்துவிட்டு, அவரே ஒரு நாளைச் சுழித்துத் தந்தார். அன்று தரங்கம்பாடியில் சபைக் கூட்டம், கடற்கரைப் பக்கம் நல்ல கூட்டமிருக்கும் என்றார்.

அப்புறம் பஸ்ஸை மட்டும் தனியாகப் பழக்கினோம். ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவோம். அடுத்த வாரம் இரண்டு நிறுத்தம். எங்கள் தடத்தில் வந்த கண்டக்டருக்கு முதலில் எரிச்சல். விஷயம் தெரிந்ததும் டிரைவருக்குப் பின்னாலிருக்கும் ஜன்னல் சீட்டில் துண்டைப் போட்டு வைக்க ஆரம்பித்தார். விசிலை அவள் பக்கத்தில் ஊதாமல், கம்பியில் தட்டி வண்டியை நிறுத்துவார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

காலாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தோம். காலண்டரில் அது வெறும் வெள்ளையாக இருந்தது. ஆனால் அந்த வருடத்தை யாரும் காலண்டரைப் பார்த்து நடத்தவில்லை. ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. தாமதமாகத் திறந்த தண்ணீர் முறை வைத்தும் வாய்க்காலின் கோடியிலிருக்கும் கடைமடைக்கு எட்டவில்லை. தினமும் எங்காவது மறியல், எங்காவது உண்ணாவிரதம். இரண்டு வாரத்துக்கு முன்னால் கடைமடையிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். குத்தகை நிலம் அவருக்கு. மகசூல் கொடுக்க முடியாவிட்டால் நிலத்தை விட்டு இறங்கச் சொல்வதாக நிலத்துக்காரர் மிரட்டிக்கொண்டிருந்தார். நாற்றங்கால் காய்கிறது, முறை முடிந்துவிட்டதென்று உங்கள் வீட்டுக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார், எங்கள் வயிற்றில் இறக்கியிருக்கிறார் என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மேலிடத்து உத்தரவு என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் கிளம்பிக் கால்மணி நேரத்தில் நின்றுவிட்டது. முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. கூட்டுரோட்டில் மறியல். வழக்கமாக ஒரே டீக்கடையில் சேர்ந்து உட்காராத கொடிகளெல்லாம் அன்று ரோட்டில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கருப்பு சிவப்பு இருந்தது, நடுவில் அண்ணா இருந்த கொடியும் இருந்தது, தனிச் சிவப்பும் பச்சையும் இருந்தன. தள்ளுவண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் கோஷம். மூத்தவள் மப்ளருக்கு மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். "ஷட்டர்" என்றாள்.

சட்டப்படி இறங்கிவிட்டோம். இளையவள் முதல் ஆளாகச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. வீட்டை நோக்கித் திரும்பியபோது யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்தால் அதே கடைமடைக்காரர், தோளில் பச்சைத் துண்டோடு. என் கணவரைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். நான் முந்திக்கொண்டேன். எங்களை விடுங்கள், பிள்ளைக்குச் சத்தம் ஆகாது, கடலைக் காட்டக் கூட்டிப்போனோம், திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று படபடவென்று சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லியிருப்பேன்.

அவர் மூத்தவளைப் பார்த்தார். மப்ளரைப் பார்த்தார். மதகில் அப்பாவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைதானே என்று கேட்டார். பிறகு திரும்பி, "மைக்க அணைங்கப்பா. யாரும் கத்தாதீங்க, ஒரு பிள்ள போவுது" என்றார்.

ஒலிபெருக்கி நின்றது. ஏன் என்று கேட்டவர்களுக்குக் காதோடு காதாகச் செய்தி போயிற்று. உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி, நடுவில் ஒரு பாதை விட்டார்கள். மூத்தவள் ரோட்டின் வெள்ளைக் கோட்டில் காலை வைத்து, ஒவ்வொரு அடியாக நடந்தாள். பின்னால் நாங்கள். அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயல் காய்ந்துபோன மனிதர்கள் அவர்கள். கத்துவதற்காகவே அங்கே வந்து உட்கார்ந்தவர்கள். எனக்குக் கண்ணை மறைத்தது.

மறுபக்கம் போனதும், அங்கே நின்றிருந்த மயிலாடுதுறை பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போகும்படி அவரே டிரைவரிடம் பேசினார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கடைமடைக்காரர் சிரித்தார்.

"ரோட்டுக்கு இன்னிக்கி நாங்கதான் லஸ்கரு. ஒங்களுக்கு முறை வந்துருச்சு, போயிட்டு வாங்க" என்றார்.

பஸ் நகர்ந்து தூரம் போனபிறகுதான் பின்னால் கோஷம் மறுபடி ஆரம்பித்தது.

மயிலாடுதுறையில் இட்லி சாப்பிட்டு, பஸ் மாறித் தரங்கம்பாடியில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. நினைத்திருந்த நேரமெல்லாம் தப்பிப்போய்விட்டது, தாளில் எழுதியிருந்த வரிசை மட்டும் தப்பவில்லை. கோட்டைச் சுவர் போட்ட நிழலில் ஜமுக்காளத்தை விரித்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேரையும் ஒரு நாயையும் தவிர ஆள் இல்லை. மூத்தவள் ஈர மணலுக்குப் போய் நின்றாள். அப்பா பக்கத்தில் நின்றார். தானாகவே மப்ளரை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். இளையவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் நனையுமளவு தண்ணீரில் இறங்கினாள். ஒரு அலை வந்து முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போயிற்று. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது மூத்தவள் சொன்னாள்: "ஷட்டர்."

வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஜமுக்காளத்தை மடித்தேன், பிரிக்காத தயிர்சாத டப்பாவைப் பைக்குள் வைத்தேன். இளையவளைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவளே கரையேறி வந்துவிட்டாள். ஈரக்காலோடு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஒரு முனகல்கூட இல்லை. பத்து வயதுப் பிள்ளை அவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கக் கூடாது. அதைப் பார்த்து நின்றபோது எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

"டீச்சர், கையப் பாரு" என்றார் என் கணவர்.

பார்த்தேன். மூத்தவள் காதைப் பொத்தவில்லை. இரண்டு கையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. கண் மட்டும் கடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய்ப் போய் வந்தது. எதையோ தேடினாள். மறுபடியும் "ஷட்டர்" என்றாள், இந்தத் தடவை கடைசியில் குரலைத் தூக்கி. அவள் கேள்வி கேட்டு நான் கேட்டதே இல்லை. இதுதான் முதல்.

அவர் குந்தி உட்கார்ந்து, அவளைப் போலவே கடலை இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை பார்த்தார். அவசரப்படவில்லை. வேலையில் மதகைச் சோதிப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"கடலுக்கு ஷட்டர் கெடையாதும்மா. யாராலயும் எறக்க முடியாது" என்றார்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டு கடலை இன்னொரு தடவை கோடிக்குக் கோடி பார்த்தாள். பிறகு "இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அப்படியே ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அலை வந்து காலை நனைத்தது, போயிற்று. மறுபடி வந்தது. நான் ஜமுக்காளத்தைத் திரும்ப விரித்தேன். இளையவள் செருப்பைக் கழற்றி எறிந்த வேகத்தில் ஒன்று நாயின் பக்கத்தில் போய் விழுந்தது. ஓடிவந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருடைய காலையும் ஒரே அலை நனைத்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம், பார்த்தால் அழுதுவிடுவோம் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. யாரும் அழாமல் திரும்புவது என்பதுதானே ஏற்பாடு.

தயிர்சாதம் சாப்பிட்டோம். மூன்று மணிக்கு என் கணவர், கடலுக்கு இல்லை, நமக்குத்தான் ஷட்டர் இறக்கியாச்சு என்று தாளைக் காட்டிச் சொன்னார். மூத்தவள் யோசித்துவிட்டு எழுந்து வந்தாள். திரும்பும்போது கூட்டுரோட்டில் மறியல் கலைந்திருந்தது. அந்தக் கடைமடைக்காரரின் நாற்றங்காலைக் கொஞ்சமாவது காப்பாற்றியது அப்புறம் ஐப்பசியில் பெய்த மழைதான். குத்தகை அவர் கையைவிட்டுப் போகவில்லை. அந்தச் செய்தியை அவரே எங்கள் வாசலுக்கு வந்து சொன்னபோது எங்கள் வீட்டில் அன்று மீன் குழம்பு, உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, இளையவள் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வீட்டிலே அம்மா, வகுப்பிலே டீச்சர் என்பதில் அவள் கண்டிப்பானவள்.

"டீச்சர், நீங்க இதுக்கு மார்க் போடல. கடைசி வரி தப்புன்னு நானே திருத்திட்டேன்."

பிரித்துப் பார்த்தேன். அக்காவுக்கு இன்னும் முறை வரவில்லை என்ற வரியை அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தாள்: "கடலுக்கு ஷட்டர் இல்லை. அதனால் அங்கே முறை கிடையாது. அக்காவும் நாங்களும் ஒன்றாகவே போகலாம்."

பத்துக்குப் பத்து போட்டேன். சொந்தப் பிள்ளைக்கு மார்க்கை அள்ளிக் கொடுக்கிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சொல்லிவிட்டுப் போகட்டும்.